ஆங்கில வகுப்புக்கு எது: பவர்பாயிண்டா, கூகுள் ஸ்லைட்ஸா, இம்ப்ரெஸா?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம் ஒரு கடலோர ஊரில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். எட்டிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள், பெரும்பாலும் கடல் தொழில் பார்க்கும் வீடுகள். ஆறு வருடமாகப் புரொஜெக்டர் வைத்துத்தான் பாடம். முதலில் பவர்பாயிண்ட், அப்புறம் ஒரு வருடம் கூகுள் ஸ்லைட்ஸ், இப்போது லிப்ரெஆபீஸ் என்ற இலவச மென்பொருள் தொகுப்போடு வரும் இம்ப்ரெஸ். இனி மாறுகிற எண்ணம் இல்லை. இதே யோசனையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு உதவட்டும் என்று காரணங்களை எழுதுகிறேன்.

எழுத்தைப் பெரிதாக்குவது, படம் சேர்ப்பது, வரிகளை ஒவ்வொன்றாக வரவைப்பது எல்லாம் மூன்றிலும் முடியும். ஸ்லைடு ஓடும்போது விசைப்பலகையில் ‘பி’யை (B) அழுத்தினால் திரை கறுத்துவிடும், இதுவும் மூன்றிலும் உண்டு. மொழி வகுப்புக்கு இதைவிட உபயோகமான விசை கிடையாது. திரையில் எழுத்து தெரிகிற வரைக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்து வாசித்துக்கொண்டே இருப்பார்கள். திரையை மறைத்துவிட்டு “இப்ப நீ சொல்லு” என்று கேட்டால்தான் வாயிலிருந்து சொந்த வாக்கியம் வரும்.

கூகுள் ஸ்லைட்ஸின் பலம் கூட்டு வேலை. இன்னொரு டீச்சரும் நானும் அவரவர் வீட்டிலிருந்தே ஒரே பாடத்தைத் திருத்தினோம். தப்பாக அழித்துவிட்டால் பழைய வடிவத்தை மீட்டுக்கொள்ளலாம். காசும் இல்லை. ஆனால் அது நெட்டை நம்பி நிற்பது. ஆஃப்லைன் வசதியை முன்கூட்டியே போட்டு வைக்கலாம்தான், போட்டு வைத்த கணினியோடு அது சரி. ஒலி சேர்க்க வேண்டுமென்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, பார்ப்பவருக்கு அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் தெருவில் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். புரொஜெக்டரை இன்வெர்ட்டர் காப்பாற்றிவிடும், நெட்டை என்ன செய்வது? ஒரு வருடத்தில் விட்டுவிட்டேன். ஊரில் நல்ல இணைப்பு இருப்பவர்கள் இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

பவர்பாயிண்டிடம் இரண்டு விஷயங்களில் மற்ற இரண்டும் தோற்கும். ஒன்று ஒலி. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் முதல் சிக்கலே ஒரே ‘ப’வை வைத்துக்கொண்டு இரண்டு ஒலிகளைச் சொல்ல வேண்டியிருப்பது. குண்டூசிக்கும் ‘பின்’, குப்பைத்தொட்டிக்கும் ‘பின்’, தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. காதால் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். பவர்பாயிண்டில் ஸ்லைடுக்குள்ளேயே என் குரலைப் பதிவு செய்து, படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம். இம்ப்ரெஸில் போனில் தனியாகப் பதிந்து எம்பி3 ஃபைலாகச் சேர்க்கிறேன். கூடுதல் வேலைதான்.

இன்னொன்று மார்ஃப், அதாவது ஒரு ஸ்லைடில் இருக்கும் சொல்லோ படமோ அடுத்த ஸ்லைடில் தன் புது இடத்துக்கு நகர்ந்து போவதைக் காட்டும் வசதி. 2019 பதிப்பிலும் சந்தாப் பதிப்பிலும் இருக்கிறது. ‘புயல் தனுஷ்கோடியை அழித்தது’ என்ற ஆங்கில வாக்கியத்தில் தனுஷ்கோடி என்ற சொல் பின்னாலிருந்து நகர்ந்து முன்னால் வந்து உட்கார, புயல் பின்னுக்குப் போகும். செய்வினை செயப்பாட்டுவினையாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1964 புயலைப் பற்றித் தாத்தா பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், இலக்கணம் சட்டென்று பிடிபட்டுவிடும். ஆனால் பழைய பவர்பாயிண்டில் திறந்தால் அந்த நகர்வு வெறும் மங்கி மறைதலாகிவிடும். இம்ப்ரெஸிலும் அது அப்படியே வராது.

இவ்வளவு இருந்தும் பவர்பாயிண்டை விட்டதற்குக் காரணம், பாடத்தைப் பல வருடம் பராமரிக்கிற வேலை. ஸ்லைடு செய்வது ஒரு நாள் வேலை. அதை வருடா வருடம் திறந்து திருத்தி, கையில் கிடைக்கிற கணினியில் ஓட்டுவது வேறு வேலை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நிகழ்காலம் நடத்த பாம்பன் பாலத்தை வைத்துப் பன்னிரண்டு ஸ்லைடு செய்திருந்தேன். பாலத்தின் மேல் ரயில் போகிறது, கப்பல் வந்தால் பாலம் இரண்டாகத் திறக்கிறது என்று எல்லா வாக்கியமும் நிகழ்காலம். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள், அதில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். 1914இல் திறந்த பாலத்தைப் பற்றி நான் எழுதியிருந்த நிகழ்காலம் முழுவதும் இறந்தகாலமாகிவிட்டது. பன்னிரண்டு ஸ்லைடையும் திருத்தி, ‘முன்பெல்லாம் ரயில் அதில் போகும்’ என்று சொல்ல ஆங்கிலத்தில் ‘யூஸ்டு டு’ எப்படி வருகிறது என்ற பாடமாக்கினேன். முன்பைவிட நல்ல பாடம் அது. திருத்த முடிந்ததால்தான் கிடைத்தது.

பவர்பாயிண்டில் சந்தா முடிந்துவிட்டால் ஃபைலைத் திறந்து பார்க்கலாம், அச்சும் எடுக்கலாம், திருத்த முடியாது. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் பதிப்பு ஒரு கணினிக்குத்தான். உலாவியில் இலவசமாகக் கிடைப்பதற்கு நெட் வேண்டும். கடற்கரையில் கணினிக்கு ஆயுசும் குறைவு. உப்புக் காற்றில் கேபிள் முனை பச்சை பூத்துவிடும், கீபோர்டு ஒவ்வொரு எழுத்தாக ஊமையாகும். இந்த ஆறு வருடத்தில் இது என் மூன்றாவது லேப்டாப். நடுவில் சில மாதம் இரவல் கணினியில்தான் வகுப்பு நடந்தது.

அந்த இரவல் கணினியில்தான் பெரிய அடி. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் கீழே தமிழ்ப் பொருள் போடுவது என் வழக்கம். ஆரம்பத்தில் யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத பழைய ஃபான்டில் தட்டச்சு செய்திருந்தேன். அந்த ஃபான்ட் அதில் இல்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் தமிழ் வரிகள் எல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்து நின்றன. அன்றைக்குக் கரும்பலகையில்தான் பாடம். பிறகு எழுபது ஸ்லைடுகளையும் யூனிகோடில் திரும்ப அடித்தேன், அதற்கே இரண்டு வாரம் போனது.

இம்ப்ரெஸில் இந்தக் கவலைகள் தீர்ந்தன. இலவசம், நெட் வேண்டாம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றுபோல ஓடும். விண்டோஸுக்கு போர்ட்டபிள் பதிப்பும் உண்டு. அதைப் பென்டிரைவிலேயே போட்டு வைத்திருக்கிறேன், பாடமும் அதைத் திறக்கும் மென்பொருளும் ஒரே சட்டைப் பையில் வருகின்றன. ஃபைல் மெனுவில் பிராப்பர்ட்டீஸுக்குள் போய் ஃபான்டை ஆவணத்துக்குள்ளேயே பொதிந்துவிடலாம். பவர்பாயிண்டிலும் சேமிப்பு அமைப்பில் அந்த வசதி உண்டு, பலரும் போடுவதில்லை.

இம்ப்ரெஸின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பழைய லேப்டாப்பில் திறக்கவே நேரம் எடுக்கும். வேறொருவர் தரும் பவர்பாயிண்ட் ஃபைலைத் திறந்தால் எழுத்து பெட்டியை விட்டு வழியும், அசைவுகளின் வரிசையும் சில நேரம் மாறும். டெம்ப்ளேட்டுகள் அழகில் பின்தங்கியவை. அசைவுகளை ‘தோன்று’, ‘மறை’ என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டேன், அவை எங்கும் கெடுவதில்லை.

கேன்வா என்ற இணைய வடிவமைப்புத் தளம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். படங்கள் அருமை, ஆசிரியர்களுக்கு இலவசக் கணக்கும் தருகிறார்கள். நான் அதில் செய்தது இரண்டே பாடம். அதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. நெட் வேண்டும் என்பது மட்டும் உடனே தெரிந்தது.

பள்ளியே உரிமம் வாங்கிக் கொடுத்து, ஒரே அறையில் ஒரே கணினியில் பாடம் நடத்துகிறவர்கள் பவர்பாயிண்டிலேயே இருக்கலாம். ஒலிப்பதிவு ஒன்றுக்காகவே அது தகும். ஆனால் தமிழ் வரிகளை யூனிகோடில் அடியுங்கள், குரல் பதிவுகளைத் தனி ஃபோல்டரிலும் ஒரு பிரதி வையுங்கள். நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போக நேர்ந்தால் அந்த இரண்டையும் மறுபடி செய்வதுதான் பெரிய வேலையாக இருக்கும்.