கல்குடா அரைநாள் தூண்டில் படகு: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை நாமே கொண்டுபோக வேண்டும்

ஆடி, ஆவணி லீவுக்குக் கனடா, நோர்வேயிலிருந்து வரும் கூட்டாளிமார், அங்கே சால்மன் பிடிக்கும் தடியையும் ரீலையும் காவிக்கொண்டு வருவது இப்போது வழமையாகிவிட்டது. நாலு பேர் சேர்ந்து, இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் கல்குடாவில் ஒரு படகை அரைநாளுக்குப் பேசிப் போவது நல்ல பொழுதுதான். இந்தப் பயணத்துக்குப் பத்துக்கு ஏழு புள்ளி கொடுக்கலாம். குறைகிற மூன்றில் இரண்டு பாதுகாப்புக்கு, ஒன்று ஐஸுக்கு.

கிடைப்பது சொகுசுப் படகு இல்லை. தொழிலுக்கு ஓடும் அதே பைபர் படகுதான்: 18 முதல் 23 அடி நீளம், 15 அல்லது 25 குதிரைவலு இஞ்சின், நிழல் கிடையாது. படகோட்டியும் உதவிக்கு ஒருவரும் போக நாலு பேர் ஏறலாம். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் தூண்டில் போட இயலும். நாலாவது ஆளும் போட்டால் நீரோட்டத்தில் நூல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிறகு மீனை விட்டுவிட்டுச் சிக்கெடுக்கிற வேலைதான். ஆறு பேரையும் ஏற்றுவேன் என்கிறவரிடம் போகவே வேண்டாம்.

கூலி பேசும்போது எண்ணெய் சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலே கேளுங்கள். 25 குதிரைவலு இஞ்சின் முழு வேகத்தில் மணிக்குப் பத்து லீற்றர் அளவில் குடிக்கும். "எண்ணெய் தனி" என்றால் தூரத்திலுள்ள பாருக்கு (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டுக்கு) ஓடிய பிறகு கணக்கு வேறாகிவிடும்.

புறப்பட வேண்டியது விடிய ஐந்து மணிக்கு. "ஏழு மணிக்கு வாங்க, ஆறுதலாப் போகலாம்" என்று சொல்பவர் சுற்றுலாக்காரரைப் பார்த்துப் பழகியவர். சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை கிழக்குக் கடல் பொதுவாக அமைதிதான், ஆனால் வெயில் ஏற ஏற கச்சான் பலக்கும். அது கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. கரையோரத்தில் தண்ணி தட்டையாகத் தெரிவதால் ஏமாந்துவிடுவோம். இஞ்சின் நின்றால் படகு வெளியேதான் போகும். அதனால் ஏறுமுன் இஞ்சினுக்கு மேலதிக பிளக், துடுப்பு, நங்கூரக் கயிறு மூன்றையும் கண்ணால் பாருங்கள். பல படகுகளில் உயிர்காப்பு அங்கி இரண்டுதான் கிடக்கும், அதுவும் பட்டி அறுந்தது. தலைக்கு ஒன்று இல்லாமல் ஏறாதீர்கள்.

இனி அந்த சால்மன் தூண்டில். தடியும் ரீலும் நம் கடலுக்குப் போதும். 4000 அளவு ரீலில் 30 இறாத்தல் பின்னல் நூல் சுற்றி, இழுவையை (மீன் இழுக்கும்போது ரீல் நூலை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை) எட்டுப் பத்து இறாத்தலுக்கு வைத்தால் பாரை, கட்டா மீன்கள் தாராளமாக வரும். பிழைப்பது மற்ற இடங்களில். முதலாவது, சால்மனுக்குப் போடும் கரண்டித் தூண்டில் (கரண்டி வடிவத் தகட்டு இரை), படகுக்குப் பின்னால் மணிக்கு இரண்டு மூன்று கடல்மைல் வேகத்தில் இழுக்கச் செய்தது. அறக்குளாவுக்கு நம் ஆட்கள் அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் இழுப்பார்கள். அந்த வேகத்தில் கரண்டி ஆடாது, சுழலும். சுழன்று நூலை முறுக்கிவிடும். குண்டு போட்ட சுவிவல் கட்டுங்கள், அல்லது வேகத்துக்கென்றே செய்த போலி மீனைப் போடுங்கள். இரண்டாவது, நுனியில் கட்டும் தங்கூசியை (நைலோன் நூலை) சீலாவும் அறக்குளாவும் ஒரே கடியில் அறுத்துவிடும். ஒரு சாண் கம்பி போதும். அதற்கு மேல் நீட்டினால் பாரை கண்டுபிடித்து ஒதுங்கும். மூன்றாவது, கனடாவின் மேற்குக் கரையில் சால்மனுக்கு, நுனியில் எதிர்முள் இல்லாத கொக்கிதான் சட்டம். அதே பெட்டியை இங்கே திறந்தால், கட்டா துள்ளித் தலையை உதறும்போது நூல் ஒரு கணம் தளர, கொக்கி கழன்றுவிடும். எதிர்முள் உள்ள கொக்கிக்கு மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், கூலிக்கு உண்மையான பெறுமதி கிடைப்பது பாரில் நங்கூரமிட்டு அடியில் போடும்போதுதான். அங்கே படகோட்டியின் கைத்தூண்டில் விலையுயர்ந்த எந்த ரீலையும் வெல்லும். எண்பது இறாத்தல் தங்கூசி, அடியில் 150 கிராம் ஈயம், அதற்கு மேலே ஒரு முழ இடைவெளியில் இரண்டு கிளை, கிளைக்கு ஒரு கொக்கி. ஈயத்தை மட்டும் மெல்லிய நூலில் கட்டுவார்கள். கல்லில் மாட்டினால் ஈயம் அறும், மற்றது தப்பும். இரைக்குக் கணவாயை விரல் நீளத்துக்குக் கீறிப் போடுவது நல்லது. கீரிமீன் இரை மெதுமையானது, கிளாத்தி மீன் கொத்தித் தின்றுவிட்டுப் போய்விடும். இரண்டு தரம் வெறுங்கொக்கி வந்தால் கிளாத்திக் கூட்டம் என்று அர்த்தம், இடத்தை மாற்றச் சொல்லுங்கள். விளமீன் தட்டித் தட்டிப் பார்க்கும், பொறுக்க வேண்டும். கலவாய் விழுங்கியதும் குகைக்குள் ஓடும், முதல் இரண்டு பாகத்தை (இரு கையும் விரித்த நீளம் ஒரு பாகம்) மூச்சுவிடாமல் இழுத்தால்தான் உண்டு. நஞ்சுள்ள பேத்தை வந்தால் வெட்டவே வேண்டாம், தண்ணியில் விட்டுவிடுங்கள். ஆமை மாட்டினால் நூலை வாய்க்குக் கிட்டவாக அறுத்து விட வேண்டும். பிடித்து வைப்பது சட்டப்படி குற்றம்.

ஐஸ் விசயத்தில் அநேக படகுகள் சோம்பல். ஈரச்சாக்கைப் போட்டு மூடினால் போதும் என்பார்கள். விளமீனுக்கு அது ருசிக்கேடுதான், சூரைக்கும் அறக்குளாவுக்கும் அது நஞ்சு. வெயிலில் கிடந்த சூரையைத் தின்றால் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடிக்கும். காய்ச்சினாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு ரெஜிபோம் (வெப்பம் புகாத வெள்ளை நுரைப் பலகை) பெட்டியும், பிடிக்க நினைக்கும் மீனின் எடைக்குச் சமனான ஐஸும் முதல்நாளே வாழைச்சேனையில் எடுத்து வையுங்கள். மீன் ஏறியதும் செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு ஐஸுக்குள் புதைக்க வேண்டும்.

கச்சான் ஓயாத நாளில் கடலுக்குப் போக அடம்பிடிக்காமல், வாழைச்சேனை ஆற்று முகத்தில் தோணி எடுத்து, தண்ணி வற்றும் வத்து நேரத்தில் உயிர் றால் குத்திக் கொடுவாவுக்குப் போடலாம். கூலி குறைவு, மீனும் குறைவு.

கடைசியாக ஒன்று, மீன் யாருக்கு என்பதை ஏறுமுன் பேசுங்கள். சில படகுகளில் பிடித்தது எல்லாம் நமக்கு, சிலவற்றில் கைத்தூண்டில் மீன் படகுக்கு. பேசாமல் விட்டால் கரையில் பெரிய பாரைக்கு முன்னால் நின்று முகம் சுழிக்க வேண்டிவரும். பாலாணத்துக்கு (தேங்காய்ப்பால் கறிக்கு) இரண்டு விளமீனை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் படகுக்கே விட்டால், அடுத்த தரம் நல்ல பாருக்குக் கூட்டிப்போவார்கள்.