குஷன் மாத்தினேன், கிக்கு போச்சு: ஒன்றரை வருஷ ஹெட்போன் கதை

நேத்து ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான், "மச்சான், மிக்ஸிங், அதான் பாட்டுல குரல், வாத்தியம் சத்தமெல்லாம் சரிபண்ணிச் சேர்க்கிற வேலை, கத்துக்கலாம்னு இருக்கேன், உன் ஹெட்போனையே வாங்கிடவா?" கேட்ட நேரம் சரியில்ல. ரெண்டு நாள் முன்னாடிதான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல அதுக்கு குஷன் மாத்திட்டு வந்து கடுப்புல உக்காந்திருக்கேன். கம்பெனி பேர் வேணாம், ஒன்பதாயிரம் சொச்சம், க்ளோஸ்டு பேக் (பின்பக்கம் மூடின மாடல்), மத்த ஸ்பெக்லாம் தேடினா கிடைக்கும்.

ஸ்பீக்கர் வாங்காததுக்கு என் ரூம்தான் காரணம். பத்துக்கு பத்து. அந்த சைஸ்ல 57 ஹெர்ட்ஸ் பக்கம் பேஸ் சுவத்துல முட்டி முட்டி அங்கேயே நின்னுக்கும், சுவரோரம் உக்காந்தா கிக், அதாவது டிரம்ஸ்ல 'தம்'னு வர்ற அடி, இடிக்குது, நடு ரூமுக்கு சேரைத் தள்ளினா அதே கிக்கைக் காணோம், இதுல எதை நம்பி சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரைத் தொடுறது.

ஹெட்போன்ல அந்தத் தொல்லை இல்ல, வேர்வைதான் தொல்லை. மே மாசம் ஃபேனைப் போட்டா ரிவெர்ப், அதான் பாட்டுல வர்ற எதிரொலி, எங்க அடங்குதுன்னே கேக்காது, நிறுத்தினா பனியன் தொப்பல். எட்டாவது மாசமே குஷன் தோல் உரிய ஆரம்பிச்சுது, கருப்பு கருப்பா செதில், கழுத்து தலகாணி எல்லாம். "காதுல என்னடா கரி அப்பிக்கிட்டு"ன்னு அம்மா கேட்டாங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். இதுல பேஸ் கொஞ்சம் தூக்கல். தெரியாம ஆரம்பத்துல கிக்கைக் குறைச்சுக் குறைச்சு வச்சேன், ஷேர் ஆட்டோல டிரைவர் அண்ணன்கிட்ட கெஞ்சி போட்டுப் பார்த்தா கிக்கே இல்ல, வெறும் டிக்கு டிக்கு. அப்புறம்தான் நல்லா மிக்ஸ் ஆன வேற பாட்டை ரெஃபரன்ஸா வச்சு ஒப்பிட்டுப் பழகினேன். அதுலயும் முதல்ல ஏமாந்தேன். மாஸ்டர் பண்ணின, அதாவது ரிலீஸுக்குக் கடைசியா மெருகேத்தி முடிச்ச பாட்டு சத்தமா இருக்கும், சத்தமா இருந்தாலே காதுக்கு நல்லா இருக்கும், நம்ம மிக்ஸ் குப்பையாத் தெரியும். அந்தப் பாட்டை ஆறேழு டிபி (டெசிபல்) இறக்கி ரெண்டையும் ஒரே சத்தத்துல கேட்ட அன்னிக்குதான் "அட, நம்மளுது அவ்ளோ மோசமில்லையே"ன்னு தோணுச்சு. ஒரு வருஷத்துல, இந்த ஹெட்போன்ல கிக் இவ்ளோ இடிச்சா வெளில சரியா இருக்கும்னு கை தானா நிக்க ஆரம்பிச்சுது. வோக்கல் மட்டும் அம்மா டிபார்ட்மென்ட், சமைச்சுக்கிட்டே ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டு "வார்த்தை புரியலடா"ன்னா ஒரு டிபி ஏத்துவேன்.

இப்ப அத்தனையும் போச்சு. ஒரிஜினல் குஷன் கிடைக்கல, கடைக்காரர் "சூப்பரா ஃபிட் ஆகும் தம்பி"ன்னு 350 ரூபாய்க்கு ஒண்ணு மாட்டிவிட்டார். ஃபிட் ஆச்சுதான். ஆனா தடிமனான குஷன், காதோட ஒட்டாம ஓரத்துல இடைவெளி, அது வழியா பேஸ் ஓடிடுது. எனக்கு உறைக்கவே இல்ல, பழைய பழக்கத்துல கிக்கை ஏத்திட்டேன், அதே ஆட்டோல போட்டா கண்ணாடி அதிருது. டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்த்து, "முன்னாடி குடுத்ததே பரவால்ல தம்பி."

அதனால ஃப்ரெண்டுகிட்ட வாங்காதேன்னுதான் சொன்னேன். ரெண்டு ஸ்டார், அதுக்கு மேல மனசு வரல. என்னோடது நாளைக்கே உடைஞ்சா நான் அதையேதான் வாங்குவேன், அது வேற விஷயம். கேக்க மாட்டேன்னு நின்னா, ஒரிஜினல் குஷன் தனியா விக்கிறாங்களான்னு விசாரிச்சுட்டு ரெண்டு ஜோடி சேர்த்து வாங்கி வைடா.