கோட்டை அகழிக்கு 250 மி.மீ. பத்துமா?

கேனன் 1500டி கேமரா, 55-250 மி.மீ. எஸ்டிஎம் ஜூம் லென்ஸ். சில வருஷமாக இந்த ஜோடிதான் என் பையில் இருக்கிறது. "பறவை எடுக்க 250 பத்துமா?" என்று கேட்காத ஆள் இல்லை. பத்தும், போகிற இடத்தைப் பொறுத்து.

வேலூர்க் கோட்டை அகழிக்குப் போங்கள். வாக்கிங் வருகிற கூட்டம், பஸ் ஹாரன் எல்லாம் அங்கே இருக்கிற பறவைகளுக்குப் பழகிப்போச்சு. நீர்க்காகம் கல் மேல் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும், நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்த கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி என்கிற சின்ன சென்சார், அதனால் 1.6 மடங்கு கணக்கு. 250 என்பது 400 மி.மீ. அளவுக்கு இழுத்துக் கொடுக்கும். வெயில் நம் முதுகுப் பக்கம் விழுகிற கரையாகப் பார்த்து நின்றால் மடையான் கொக்கின் மஞ்சள் கண் வரை தெளிவாக வரும்.

மடையான் ஒரு போக்கிரி. உட்கார்ந்திருக்கும்வரை சேற்று நிறம், எழும்பினால் சட்டென்று முழு வெள்ளை. இருண்ட தண்ணீரைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருக்கும், அதனால் பறக்கும்போது இறக்கை வெறும் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். நான் முன்கூட்டியே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, ஷட்டரை 1/1600 நொடியில் வைத்துவிடுவேன். இந்த கேமராவில் நொடிக்கு 3 படம்தான், ஃபோகஸ் புள்ளியும் 9 தான். பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு எதையாவது பொறுக்கிக்கொள்ளலாம் என்பது இங்கே நடக்காது. நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு, அது கழுத்தை முன்னால் நீட்டுகிற நேரத்தில் அமுக்கணும்.

அமிர்தி கதை வேறு. ஜவ்வாது மலையடிவாரம், மர நிழல், பறவைகளுக்கும் ஆள் என்றால் ஆகாது. 250-ல் இந்த லென்ஸின் துவாரம் f/5.6-க்கு மேல் திறக்காது, உள்ளே வருகிற வெளிச்சம் குறைவு. அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை (சென்சார் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிற அளவு) 3200-க்கு ஏற்றினால் நிழலெல்லாம் பொரிப்பொரியாக வரும். லென்ஸில் ஆட்டத்தைத் தடுக்கிற ஐஎஸ் இருக்கிறதே என்பார்கள். அது நம் கை நடுக்கத்துக்குத்தான், குருவி தலையைத் திருப்புவதற்கு அது என்ன செய்யும்? அங்கே இருக்கிற உயிரியல் பூங்காவில் எடுக்கலாம்தான், கூண்டுக்குள் இருப்பதை எடுப்பதில் எனக்கு ருசியில்லை. காடுதான் முக்கியம் என்றால் காசைச் சேர்த்து 150-600 மி.மீ. லென்ஸ் பக்கம் போய்விடுங்கள்.

வீட்டுப் படங்களுக்கு இந்த லென்ஸை யாரும் சிபாரிசு செய்வதில்லை, ஏனென்று எனக்குப் புரியவில்லை. 85 செ.மீ. தூரம் வரை கிட்டே போகலாம், 0.29 மடங்கு பெரிதாக்கும். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயை முறத்தில் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் காம்பு முள்ளை எடுத்துப் பாருங்கள். முள் நுனி வரை துல்லியம், பின்னால் முறம் கரைந்துபோயிருக்கும். "ஏன்டா, கொழம்புக்கு அரியறதையெல்லாமா போட்டோ புடிப்ப?" என்றார் அம்மா. அவரையே சமையலறை வாசலில் நின்று 100 மி.மீ.-ல் எடுத்தேன். கேமரா தூரத்தில் இருந்ததால் முகத்தை இறுக்கிக்கொள்ளவில்லை. குழந்தைகளுக்கும் இதே வழிதான்.

கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு மட்டும் இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 55-லேயே குதிரைத் தூண் ஒன்று முழுசாக அடங்காது. அகலமாக எடுக்கிற 18-55 லென்ஸ் இல்லையென்றால் போன் போதும்.

லென்ஸ் 375 கிராம்தான், கழுத்து வலிக்காது. மே மாத வெயிலில் திரை ஒன்றும் தெரியாது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்துப் பார்க்கிற கேமரா என்பது அப்போதுதான் உதவும். லென்ஸ் முனையில் மாட்டுகிற வெயில் மறைப்பு, அதாவது ஹூட், தனியாக வாங்கணும், வாங்கிவிடுங்கள். பாலாற்று மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

செகண்ட் ஹேண்டில் எடுப்பதாக இருந்தால் ஒரு டார்ச் கொண்டுபோங்கள். பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து, உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.