பழைய மலை மிதிவண்டிக்குச் சாய்வு ஹெட்செட்டா, நீண்ட ஃபோர்க்கா?

கோலாலம்பூர், புக்கிட் கியாராவின் வேர்கள் பின்னிய இறக்கங்களில், 70 அல்லது 71 பாகைத் தலைக்குழாய்க் கோணம் (கைப்பிடித் தண்டு செல்லும் முன்குழாய் தரையோடு அமைக்கும் கோணம்) கொண்ட பழைய 26 அங்குல மிதிவண்டி ஓட்டுநரை முன்சக்கரத்தின் மேலேயே தள்ளுகிறது. இன்றைய டிரெயில் (காட்டுப்பாதை) வண்டிகளில் அக்கோணம் பெரும்பாலும் 64 முதல் 66 பாகைதான்.

பழைய வண்டியின் கோணத்தைச் சாய்க்க, நீண்ட ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) எளிய வழியாகத் தோன்றும். 20 மில்லிமீட்டர் கூடினால் கோணம் ஏறத்தாழ 1 பாகை சாயும். ஆனால் இருக்கையும் பின்னுக்குச் சாய்ந்து, பெடல் அச்சு உயர்ந்து, கைப்பிடி உடலை நெருங்கிவிடுவதால், ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழத் தொடங்கும். சட்டகம் தாங்கும் அளவை மீறினால் தலைக்குழாயின் பற்றவைப்பில் விரிசல் விழவும் கூடும். போதாக்குறைக்கு, இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அடியில் அகன்ற தண்டுள்ள ஃபோர்க்குகள். 34 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பழைய தலைக்குழாயில் அவை நுழையவே நுழையா.

சாய்வு ஹெட்செட் (ஃபோர்க்கின் தண்டைத் தலைக்குழாய்க்குள் சற்றே சாய்த்துப் பிடிக்கும் பேரிங் தொகுதி) ஃபோர்க்கை நீட்டாமலே கோணத்தைச் சற்று மாற்றித் தரும். பெடல் அச்சும் உயராமல் சற்றே தாழும். தலைக்குழாயின் மேலும் கீழும் பொருந்தும் அதன் கிண்ணங்கள் இரண்டும் நேர்கோட்டில் அமையாவிட்டால் பேரிங் சீராக உட்காராமல் கிறீச்சிடும் என்பதால், அழுத்தும் கருவி உள்ள கடையில் பொருத்துவதே நல்லது. என் தேர்வு இதுதான். கூடவே 50 மில்லிமீட்டர் ஸ்டெம்மும் (கைப்பிடியை ஃபோர்க்கின் தண்டோடு இணைக்கும் துண்டு) அகலமான கைப்பிடியும் மாட்டலாம். சட்டகத்தின் நீளக் குறைவை மட்டும் இவை எதுவும் தீர்க்காது.