முகத்தை இழுத்துக் கட்டும் முன் என்னிடம் யாரும் கேட்காத கேள்விகள்

மகளின் கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருந்தது. தாடைக்குக் கீழே தொங்கிய சதை புகைப்படத்தில் தெரியும் என்ற கவலையில், முகத்தோலை இழுத்துத் தைக்கும் 'ஃபேஸ்லிஃப்ட்' அறுவைக்காக மன்னார்குடியிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ள ஓர் அழகு சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். 58 வயதில் இந்த ஆசை எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஆசைப்பட்டதில் தவறில்லை. விசாரிக்காமல் முகத்தைக் கொடுத்ததுதான் தவறு.

அங்கே முக்கால் மணி நேரம் பேசியவர் மருத்துவர் அல்லர், ஆலோசகர் என்றார்கள். "பத்து வயது குறையும், மூன்றாம் நாள் கோயிலுக்குப் போகலாம் அம்மா" என்றார். அன்றே 60,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். ரசீது ஒரு துண்டுச் சீட்டு. மருத்துவரை நான் முதன்முதலில் பார்த்தது அறுவை மேசையில், அதுவும் முகக்கவசத்துடன்.

அறுவை முடிந்த அன்று மாலையே காரில் அனுப்பிவிட்டார்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போதே இடது கன்னம் கட்டுக்குள் இறுகத் தொடங்கியது. இரவு பதினொரு மணிக்கு வாயைத் திறக்க முடியவில்லை. நிலையத்தின் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. காலையில் எடுத்தவர், "வீக்கம் சகஜம், ஐஸ் வையுங்கள்" என்றார். என் தம்பி அதற்குமேல் பொறுக்காமல் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனான். அங்கிருந்த பிளாஸ்டிக் சர்ஜன் தையலைப் பிரித்து, தோலுக்கடியில் கட்டியிருந்த இரத்தத்தை எடுத்தார்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" நான்கு வருடமாக இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். இரண்டாவது: "பிரஷர் உண்டா?" உண்டு. மூன்றாவது: "புகையிலை?" வெற்றிலையோடு இருபது வருடமாக. இந்த மூன்றையும் முன்பு போன இடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. தாம்பூலம் போடுவதை எந்தப் பெண் மருத்துவரிடம் சொல்கிறாள்?

இந்த அறுவையில் அதிகம் வரும் சிக்கலே தோலுக்கடியில் இரத்தம் கட்டுவதுதான். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும் என்றார் அவர். அந்த நேரத்தில்தான் என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பிரஷர் கட்டுப்படாவிட்டால் ஆபத்து இன்னும் கூடும். நிகோடின் தோலுக்குப் போகும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். சிகரெட்டானாலும் வாயில் அடக்கும் புகையிலையானாலும் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். என் காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்து உரிந்தது. ஆற ஏழு வாரம் ஆயிற்று. கல்யாணப் படங்களில் முந்தானையை இழுத்துவிட்டபடியே நிற்கிறேன்.

ஆகவே, போகிறவர்கள் கத்தி பிடிக்கப்போகிறவரை முன்கூட்டியே நேரில் பாருங்கள். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. என்ற சிறப்புப் பட்டம் படித்தவரா என்று கேளுங்கள். பதிவு எண்ணை வாங்கி மருத்துவக் கவுன்சிலில் சரிபாருங்கள். சுவரில் மாட்டிய சில வாரப் பயிற்சிச் சான்றிதழ்கள் அதற்கு ஈடாகா. மயக்க மருத்துவர் யார், இரவில் வீங்கினால் யார் வருவார், எந்த மருத்துவமனையில் சேர்ப்பார்கள் என்பதற்கும் அறுவை செய்பவர் வாயாலேயே பதில் வர வேண்டும். இரத்தத்தை இளக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; இதய மருத்துவரைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். இன்னொன்று: இந்த அறுவை தாடையையும் கழுத்தையும் இறுக்கும், உதட்டைச் சுற்றியுள்ள மெல்லிய கோடுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதைக்கூட எனக்குச் சொல்லவில்லை.

பாதிக்கப்பட்டிருந்தால் சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. என் மனு நிலுவையில் இருக்கிறது.

இடது காது மடலுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அடிபட்டுவிட்டது. போன ஆடிப்பெருக்கன்று ஆற்றில் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா கொடுத்த தோடு ஒன்று இல்லை என்று தெரிந்தது. திருகாணி கழன்றதும் தெரியவில்லை, தோடு விழுந்ததும் தெரியவில்லை.