ஸ்லோ எவாப்பரேஷனா, எஸ்ஆர் மெத்தடா?

என்எல்ஓ (நான்லீனியர் ஆப்டிக்ஸ், அதாவது லேசர் ஒளியோட நிறத்த மாத்துற மாதிரி) வேலைக்கு ஆர்கானிக் கிரிஸ்டல் வளக்குறவங்க முதல்ல தொடுறது ஸ்லோ எவாப்பரேஷன் தான். செலவே இல்ல, கரைசல வடிகட்டி பீக்கர்ல ஊத்தி, மேல பிளாஸ்டிக் தாள் கட்டி, ஊசியால நாலு ஓட்டை போட்டு ஆடாத எடத்துல வெச்சிட்டா சால்வென்ட் மெதுவா போகப்போக சில வாரத்துல கிரிஸ்டல் கெடச்சிடும். ஆனா அது எல்லாப் பக்கமும் அது இஷ்டத்துக்கு வளரும், ரெண்டு மூணு கரு (கிரிஸ்டல் ஆரம்பிக்குற குட்டித் துணுக்கு) சேந்து ஒட்டிக்கிட்டா அவ்ளோதான்.

எஸ்ஆர் மெத்தட் நம்ம ஊருல பொறந்தது, 2005ல சங்கரநாராயணனும் ராமசாமியும் பென்சோபீனோன் கிரிஸ்டல ஒரே திசையில வளத்து காட்டுனாங்க, அவங்க பேரோட முதல் எழுத்துதான் எஸ்ஆர். ஆம்ப்யூல்னு சொல்ற கண்ணாடிக் குழாய் அடியில நமக்கு வேணும்ங்குற முகம் மேல பாக்குற மாதிரி விதைய (ஏற்கனவே வளந்த சின்ன கிரிஸ்டல) வெச்சு, கரைசல ஊத்தி, மேல ரிங் ஹீட்டர் போட்டா சூடு மேல அதிகம் கீழ கம்மி, அதனால கரைஞ்சதெல்லாம் கீழ விதை மேலதான் படியும். ஃபேஸ் மேட்சிங் திசையிலயே (புது நிற ஒளி ஒண்ணு சேந்து பலமா வர்ற திசை) வளக்கலாம், வெட்டி வீணாக்குறது ரொம்பக் கம்மி. ஒரே கவலை, கரைசல் சேச்சுரேட் ஆகாம (இனிமே கரையாதுங்குற அளவு வராம) ஊத்துனா விதையே கரைஞ்சு காணாம போயிடும்.

1064 நானோமீட்டர் லேசர் அடிச்சு 532 பச்சை வருதான்னு பவுடர் டெஸ்ட் மட்டும் பாக்கணும்னா பீக்கர் கிரிஸ்டலே தாராளம், எப்டியும் பொடி பண்ணத்தான் போறோம். டிவைஸ் கனவு இருந்தா எஸ்ஆர் தான் என் ஓட்டு. அதுக்கும் நல்ல விதை பீக்கர்லேந்து தான் வரணும், அதனால மொதல்ல அத வைங்க.