காரைக்குடியில் ஒரு பலகாரக் கூடம்: ருசியும் கூலியும்

காரைக்குடியில் பெண்கள் கூட்டாக நடத்தும் ஒரு சிறிய பலகாரக் கூடத்தில் வெகுநாளாக வாங்கி வருகிறேன். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம் ஆகியவை எந்நாளும் கிடைக்கும். கந்தரப்பமும் சீயமும் முன்கூட்டிச் சொல்லிவைத்தால்தான் செய்து தருவார்கள். தேன்குழல் வாயில் வைத்தவுடன் நொறுங்குகிறது, விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுவதில்லை. மனகோலத்தில் வெல்லப்பாகு சரியான பதத்தில் நிற்பதால் சில நாள் கழித்து எடுத்தாலும் உதிராக இருக்கிறது. சீப்புச்சீடை மட்டும் சற்றுக் கடினம். முதியவர்களுக்கு வாங்குவோர் மாவுருண்டையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. விலை கடைத்தெருவைவிடக் கொஞ்சம் கூடுதல்.

அந்தக் கூடுதல் விலை எங்கே போகிறது என்பதை வாங்குபவர் கண்ணால் பார்க்கலாம். கல்லாவுக்குப் பின்னால் ஒரு கரும்பலகையில் மாவு அரைப்பது, பிழிவது, பாகு காய்ச்சுவது, எண்ணெய்ச் சட்டியில் நிற்பது, பொட்டலம் கட்டுவது என வேலைவாரியாகக் கூலி எழுதப்பட்டிருக்கிறது. ஆண் கூலி, பெண் கூலி என்ற பிரிவு அதில் இல்லை. கல்லூரியில் பொருளியல் கற்பிக்கும் நான், சோஷலிசப் பொருளாதாரங்கள் சந்தைக்கு மாறிய காலத்தின் ஊதியப் பாடத்தை நடத்தும்போது மாணவியரை இங்கே அழைத்து வந்ததற்கு இந்தப் பலகையே காரணம்.

சோவியத் ஒன்றியத்திலும் இத்தகைய பலகை ஒன்று இருந்தது. அதை அரசு எழுதியது. ஒவ்வொரு தொழிலும் எந்தப் படியில் நிற்கிறது, அந்தப் படிக்கு எத்தனை ரூபிள் என்பதை மத்திய ஊதிய அட்டவணை தீர்மானித்தது. ஒரே வேலைக்கு இருபாலருக்கும் ஒரே ஊதியம் என்பது சட்டம். ஆயினும் சுரங்கமும் கனரகத் தொழிலும் மேல்படிகளில் வைக்கப்பட்டன. பெண்கள் திரளாக வேலை செய்த நெசவாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை கீழ்ப்படிகளில் நின்றன. மருத்துவர்களில் பெரும்பான்மையினர் பெண்களாக இருந்த அந்நாட்டில், தேர்ந்த ஆலைத் தொழிலாளியைவிட மருத்துவர் குறைவாகப் பெறுவது வழக்கமாக இருந்தது. மொத்தத்தில் ஆண்களின் ஊதியத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடே பெண்களுக்குக் கிடைத்தது.

நம் ஊர்ப் பலகாரக் கூடங்களிலும் வித்தியாசம் நுழைவது இந்த வழியாகத்தான். ஒரே வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டத்தை நேரடியாக மீறாமலே, சட்டி வேலை ஆணுக்கு, பிழியும் வேலை பெண்ணுக்கு என்று பிரித்துவிட்டால் போதும். இங்கே சட்டியருகில் நின்ற ஒரு ஆச்சி, கரண்டியால் தேன்குழலைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார்: "முன்னாடி வேலை பார்த்த இடத்துல சட்டிகிட்ட போகவே விடமாட்டாங்க டீச்சர். சட்டியில நிக்கிறவருக்குத்தான் கூலி ஜாஸ்தி. இங்கன முறை வச்சு எல்லாரும் நிக்கிறோம்." பலகையில் பால் வேறுபாடு இல்லாததைவிட, அந்த முறைவைப்பே எனக்குப் பெரிதாகப்படுகிறது.

1990களில் சோஷலிச நாடுகளின் அரசு ஊதிய அட்டவணைகள் விழுந்தபோது எல்லா நாட்டிலும் ஒன்றுபோல நடக்கவில்லை. கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஆண்களோடு ஒப்பிட்ட பெண்களின் ஊதியம் உயர்ந்தது; ரஷ்யாவிலும் உக்ரைனிலும் சரிந்தது. பொருளியலாளர் எலிசபெத் பிரெய்னெர்ட் செய்த ஒப்பீடு இதற்குத் தெளிவான காரணம் காட்டுகிறது: அவ்விரு நாடுகளிலும் மேல் ஊதியத்துக்கும் கீழ் ஊதியத்துக்கும் இடையிலான தூரம் மிகக் கடுமையாக விரிந்தது. ஏணியின் படிகளை இழுத்து அகட்டினால் கீழ்ப்படியில் நிற்பவர் நின்ற இடத்திலேயே தாழ்ந்துபோவது போல, கல்விக்கும் திறமைக்கும் சந்தை தந்த கூடுதல் மதிப்பால் பெண்கள் அடைந்த ஆதாயத்தை அந்த விரிவு விழுங்கிவிட்டது.

கிழக்கு ஜெர்மனியைப் பற்றி மாணவியரிடம் அதிக நேரம் பேசினேன், ஏனெனில் அங்கே எண்ணே நம்மை ஏமாற்றுகிறது. 1990க்கும் 1994க்கும் இடையே ஆண், பெண் ஊதிய இடைவெளி 10 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. கேட்க மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அதே ஆண்டுகளில் ஆண்களைவிடப் பெண்களே மிக அதிகமாக வேலையிழந்தார்கள் என்பதையும், வெளியேறியவர்களில் குறைந்த ஊதியம் பெற்ற பெண்கள் மிகுந்திருந்தார்கள் என்பதையும் பொருளியலாளர் ஜெனிபர் ஹன்ட் எடுத்துக்காட்டினார். அவர்கள் கணக்கிலிருந்து போனதும் எஞ்சியவர்களின் சராசரி தானாக ஏறியது. குறைவில் ஏறத்தாழ பாதி அப்படி வந்ததே. வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்ணின் ஊதியம் எந்தச் சராசரியிலும் சேராது. ஊதிய விகிதத்தை மட்டும் காட்டி, வேலையில் எஞ்சியவர் யார் என்பதை மறைக்கும் எந்த அறிக்கையையும் நம்பக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஆகவே இந்தக் கூடத்திலும் கூலியோடு நிறுத்தாமல், வேலையை விட்டு நின்றவர்கள் யார் என்று கேட்டேன். பிள்ளை பெற்றவர்கள்தாம் முன்பு நின்றுகொண்டிருந்தார்களாம். இப்போது பின்கட்டில் ஒரு அறையை ஒழித்து, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதவும், கைக்குழந்தைக்குத் தூளி கட்டவும் இடம் செய்திருக்கிறார்கள். எண்ணெய்ப் புகை அங்கே வராதபடி நடுவாசல் குறுக்கே இருக்கிறது. அதன் பிறகு குழந்தையைக் காரணமாகச் சொல்லி எவரும் நிற்கவில்லை என்றார்கள்.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. பொட்டலங்களைத் தேவகோட்டைக்கும் கானாடுகாத்தானுக்கும் கொண்டுபோகும் வண்டி வேலை அந்தப் பலகையில் இல்லை. அதை ஆண்களே செய்கிறார்கள். நாள் கூலிக்கு மேல் படியும் உண்டு. "பொம்பளைப் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது" என்பது கிடைத்த பதில். என்னோடு வந்த மாணவியரில் பாதிப் பேர் ஸ்கூட்டரில் வந்திருந்தார்கள். அந்த வேலையும் பலகையில் ஏறி, முறைவைப்புக்குள் வர வேண்டும் என்று பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு வந்தேன். கூட்டத்தில் பேசுவதாகச் சொன்னார்.

வாங்க நினைப்போருக்கு: பொட்டலத் தாள் மெல்லியது, வெளியூருக்குக் கொண்டுபோவோர் எவர்சில்வர் தூக்கோடு போவது நல்லது. தீபாவளி நெருங்கினால் மனகோலமும் அதிரசமும் காலையிலேயே தீர்ந்துவிடும். இரண்டு வாரம் முன்பே சொல்லி, முன்பணம் கட்டிவிடுங்கள்.